கண்ணாடி டம்ளரில் கிணற்றுத் தண்ணீர்

என் மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் கண்ணாடி டம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பேன். மற்றவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் சொம்பு. அந்த ஒற்றை டம்ளரை அவருக்கென்றே அடுப்புத் திட்டுக்கு மேலே கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் எடுத்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி, "குடிங்க மாமா" என்று இரண்டு கையாலும் நீட்டுவேன். அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தாகமில்லை என்பார். சித்திரை வெயிலில் வந்திருப்பார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், ஆனாலும் தாகமிருக்காது. அவர் போன பிறகு டம்ளர் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பொல்லாதவள் என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தைரியசாலி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கம்பெனிக்குக் கிளம்பினால் கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள் நான். பூட்டை இழுத்துப் பார்த்து, அது உடைந்துவிடுமோ என்று அதற்கும் பயப்படுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்தவள். இன்றைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது சூப்பர்வைசர் என் பக்கம் பார்த்தாலே தைத்து முடித்ததை எடுத்து மறுபடியும் சரிபார்ப்பேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பயம் வருவதில்லை. இந்தக் கோபம் நானாகச் சேர்த்தது இல்லை. அம்மாயி கொடுத்துவிட்டுப் போனது.

அம்மாயி என் அம்மாவைப் பெற்றவள். மாமன் அவளுடைய ஒரே மகன். குன்னத்தூர்ப் பக்கம், மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்து போக வேண்டிய ஒரு ஊரில் அவளுடைய ஓட்டு வீடு இருக்கிறது. முன்னால் ஆசாரம் என்கிற நீளமான கூடம், அதற்குப் பின்னால் இரண்டு அறை, பின்பக்கம் மாடு கட்டுகிற கட்டுத்தரை, அதையடுத்துக் கிணறு. அவ்வளவுதான். அதைவிடப் பெரிய வீடுகள் அந்த ஊரிலேயே நிறைய உண்டு.

அந்த வீட்டை அவள் பார்த்துக்கொண்டதைப் போலப் பெற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாளா என்று கேட்டால், இல்லை. என் அம்மாவுக்குச் சாகிற வரைக்கும் அந்தக் குறை இருந்தது. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மாயி, குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாளாம். அம்மாவின் கல்யாணத்தன்றும் அப்படித்தான். பந்தி முடியும் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். வேறெந்தக் கூரைக்குக் கீழேயும் அவள் ராத்தங்கி நான் பார்த்ததில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருஷன், அதாவது எங்கள் அப்புச்சி, சின்ன வயதிலேயே போய்விட்டார். இழவு வீட்டில் அத்தனை பேருக்கு முன்னாலும், அப்புச்சியின் தம்பி பெண்டாட்டி ஒரு வார்த்தை சொன்னாளாம்: இவளை நம்பி இந்த வீடு அடுத்த மழையைத் தாங்காது என்று. அந்தக் கோடையில் அம்மாயி தானே கூரைமேல் ஏறி உடைந்த ஓடுகளையெல்லாம் மாற்றினாள். தை பிறப்பதற்கு முன்னால் தானே சுண்ணாம்பு நீற்றி வீடு முழுக்க வெள்ளையடித்தாள். பொங்கலன்று அந்தத் தம்பி பெண்டாட்டிக்கு ஆள் அனுப்பினாள்.

"செவுரு நிக்குதான்னு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

அந்த அம்மாளும் வந்தாள். கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது, சொந்தக்காரர்களுக்குள் இருக்கிற ஒரம்பரை முறை அது. அம்மாயி சொம்பில் தண்ணீர் கொடுத்து, பலகாரம் கொடுத்து, சுவரைக் காட்டிவிட்டு அனுப்பினாள். ஒரு வருஷத்தோடு விட்டிருந்தால் சரி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அழைப்பு போகும். எனக்கு விவரம் தெரிந்த பிறகும் அந்த அம்மாள் தடி ஊன்றிக்கொண்டு வந்து, ஆசாரத்தில் நின்று, நான்கு சுவரையும் பார்த்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தரம் அவள் என்னிடம், "உங்கம்மாயி என்னைய உட மாட்டா கண்ணு, நான் செத்தாலும் போட்டோவைத் தூக்கியாந்து காட்டுவா" என்றாள். அவள் செத்தபோது அம்மாயி எழவுக்குப் போய் முறையாக அழுதாள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, "இனி யாருக்குக் காட்டறது" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

இப்படிப்பட்டவளுடைய கிணற்றில்தான் என் மாமன் கை வைத்தார்.

அவர் டவுனில் சாயப்பட்டறை வைத்திருந்தார். அனுமதியில்லாத பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னபோது அவருடையதையும் பூட்டிவிட்டார்கள். அம்மாயியிடம் வந்து பின்பக்கக் கட்டுத்தரையைக் கேட்டார். மாடுகளை விற்று வெகுநாளாகியிருந்தது, இடம் சும்மாதான் கிடந்தது. மகன் கேட்கிறான், கொடுத்தாள். துணிக்குக் கொஞ்சம் கலர் போடுகிற வேலை என்றுதான் சொல்லியிருந்தார். தகரம் போட்டு, தொட்டி கட்டி, வடநாட்டுப் பையன்களை வேலைக்கு வைத்தார். கழிவுத் தண்ணீரை எங்கே விடுகிறார் என்று அம்மாயி கேட்டதற்கு, அதற்கெல்லாம் வழி இருக்கிறது என்றாராம். வழி இருந்தது. கட்டுத்தரைக்குப் பின்னால் தண்ணீர் வற்றிப்போன பழைய போர்வெல் குழி ஒன்று இருந்தது. ஒரு ஹோஸைப் பிடித்து அதற்குள் விட்டிருந்தார்.

முதலில் தண்ணீர் கரித்தது. பிறகு கிணற்றடித் தென்னை குரும்பையை உதிர்த்தது. அம்மாயி அதை மழையில்லாத குறை என்று எடுத்துக்கொண்டாள். அந்த வருஷப் பொங்கலுக்கு நானும் ஞாயிற்றுக்கிழமை லீவில் போய் வெள்ளையடிக்கக் கூடமாட நின்றேன். கிணற்றுத் தண்ணீரைச் சேந்தி ஊற்றியதும் சுண்ணாம்புக்கல் எப்போதும் போலக் கொதித்து வெடித்தது. ஆறிய பிறகு சுவர் பளிச்சென்று இருப்பதற்காக ஒரு சிட்டிகை நீலம் போட்டாள். தேங்காய் மட்டையை நைத்துச் செய்த தூரிகையால் ஆசாரத்துச் சுவர் முழுக்க அடித்தோம். ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் காய்ந்தபோது சுவர் சிவந்திருந்தது. ரத்தச் சிவப்பு இல்லை. வெள்ளைப் பனியனைச் சிவப்புத் துணியோடு சேர்த்து ஊறப்போட்டால் ஏறுமே, அந்த நிறம்.

நான்தான் என்னவோ கெடுத்துவிட்டேன் என்று எனக்குப் பயம். அம்மாயியோ சுண்ணாம்புக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள். தூக்குப்போசியில் அந்தச் சுண்ணாம்பை ஊற்றிக்கொண்டு பஸ் ஏறிச் சந்தைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். சுண்ணாம்புக்காரனை அன்றைக்கு அவள் பேசிய பேச்சை எழுத முடியாது. அவன் பாவம், "ஏனுங்க ஆத்தா, செத்த பொறுங்க" என்று கெஞ்சிக்கொண்டே அதே மூட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, குழாய்த் தண்ணீர் விட்டு அவள் முன்னாலேயே நீற்றிக் காட்டினான். பால் போல வெள்ளை. அம்மாயி அந்தச் சட்டியையும் பார்த்தாள், தன் கையிலிருந்த தூக்குப்போசியின் விளிம்பில் காய்ந்து சிவந்திருந்ததையும் பார்த்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தப் போசியை மடியில் வைத்து மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மகனிடம் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. அவர் வந்தபோது, சுவர் ஏன் இப்படி இருக்கிறது என்று அவரே கேட்டார். "சுண்ணாம்பு செரியில்லை" என்றாள். அந்தத் தண்ணீரையே தொடர்ந்து குடித்தாள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆற்றிக் குடித்தாள். நான் டவுனிலிருந்து கேன் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றதற்கு, "என்ற கெணத்துத் தண்ணியை நானே குடிக்காட்டி வேற யாரு சாமி குடிப்பா?" என்று கேட்டாள். அவள் எதற்கோ காத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த ஆவணியில் மாமன் மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. தோட்டம், கம்பெனி இரண்டும் உள்ள குடும்பம். பெண் பார்க்க வருகிறவர்களைத் தன் டவுன் வீட்டுக்கு அழைக்காமல் ஊருக்கு வரச் சொல்லியிருந்தார் மாமன். பூர்வீக வீடும் காடுகரையும் இருக்கிற குடும்பம் என்று காட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே பட்டறையை நிறுத்தி, தகரத்தைத் துணி போட்டு மறைத்து, ஆசாரத்துச் சுவரைச் சரிகைத் திரையால் மூடினார். கேன் தண்ணீரும் வந்து இறங்கியது.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாயி அந்தக் கேன்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தென்னையின் தூருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். "அதும் நல்ல தண்ணி குடிச்சு எத்தன நாளாச்சு" என்றாள். பக்கத்தில் டீக்கடையில் இரவல் வாங்கிய கண்ணாடி டம்ளர்கள் ஒரு தட்டில் இருந்தன. அந்த வீட்டில் அதற்கு முன்னால் கண்ணாடி டம்ளரை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மாமனிடம் சொல்லிவிடலாமா என்று வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். சொல்லவில்லை. பயத்தில் சொல்லவில்லையா, பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சொல்லவில்லையா என்று கேட்டால், ஆசையில்தான்.

எங்கள் பக்கம் யார் வீட்டுப் படியேறினாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். வாங்கிக் குடித்த பிறகுதான் மற்ற பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாமன் கேன் தண்ணீரைத் தேடிப் பின்பக்கம் போன நேரத்தில் அம்மாயி தட்டோடு வந்தாள். வெயில் வாசல் வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. டம்ளர்கள் எல்லாம் ரோஜாப்பூ நிறத்தில் நின்றன. மாப்பிள்ளையின் அப்பா ஒன்றைக் கையில் எடுத்தார்.

"ஏனுங்க ஆத்தா, சர்பத்துங்களா?"

"இல்லீங்க சாமி. எங்கூட்டுக் கெணத்துத் தண்ணிங்க. என்ற பையன் கலர் போட்டுக் குடுத்திருக்கறானுங்க."

அவள் குரலில் ஒரு துளி கோபம் இல்லை. பெருமை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு சரிகைத் திரையை ஒரு பக்கமாக இழுத்து விட்டாள். "இந்தச் செவுத்தையும் பாத்துக்கிடுங்க. இதும் அவன் அடிச்ச கலருதானுங்க."

யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிப் போட மாட்டார்கள். அவர் டம்ளரைத் தட்டில் திரும்ப வைத்து, பலகாரத்தில் ஒரு விள்ளல் பிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டார். சொல்லி அனுப்பவே இல்லை. அவர்களுடைய தோட்டக் கிணறும் இதே மாதிரி யாரோ ஒருவருடைய பட்டறையால் கெட்டுப்போயிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். உள்ளறையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த பெண் அழுதாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அது அம்மாயிக்கும் தெரியும். அவள் தலையைத் தடவிக்கொண்டே, "உனக்கு நல்ல எடம் வரும் கண்ணு, இந்தக் கெணத்துக்குத்தான் வேற கெணறு வராது" என்றாள். அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் வந்தது, நன்றாகவும் இருக்கிறாள்.

மாமன் அம்மாயியைத் திட்டவில்லை. அவர் வேறு மாதிரி செய்தார். அடுத்த மழைக்காலத்தில் அம்மாயிக்குக் காய்ச்சல் வந்தபோது காரை எடுத்து வந்து, டாக்டரிடம் காட்டுகிறேன் என்று டவுனுக்கு அழைத்துப் போனார். திருப்பி அனுப்பவே இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட். சொந்த பந்தமெல்லாம், தாயை என்னமாகப் பார்த்துக்கொள்கிறான் என்று அவரைப் புகழ்ந்தது. ஏசி போட்ட அறை, வேளைக்கு மாத்திரை, டிவி. அம்மாயிக்கு விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், சேலையைச் சரிசெய்துகொண்டு கதவருகே வந்து நின்றுவிடுவாள். நாளைக்குப் போகலாம் என்பார் மாமன். அடுத்த நாளும் அதே பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது சுருக்குப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் அழுத்தினாள்.

"அவன் கேட்டாத் தராதே. வெளக்கு மட்டும் வெய்யி. வெள்ளை அடிச்சறாதே."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். வருஷம் தவறாமல் வெள்ளையடித்தவள். மறுபடியும் கேட்டேன்.

"அந்தச் செவுரு அப்புடியே இருக்கட்டும். அவன் பாக்கோணும்."

அந்த ஃபிளாட்டில்தான் செத்துப்போனாள். உயிர் இருக்கும்போதுதான் கூட்டிப்போகவில்லை, போன பிறகாவது வீட்டு வாசலில் சற்று நேரம் இறக்கி வையுங்கள் என்று நான் மாமன் காலைப் பிடித்தேன். வழி சுற்று, வெயில், மயானத்தில் நேரம் குறித்தாகிவிட்டது என்றார். உண்மை அதுவல்ல. பட்டறை அப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ச் சனம் கூடினால் பார்த்துவிடும். லிஃப்டில் கிடத்த இடமில்லாமல் நிமிர்த்தி வைத்து இறக்கி, நேராக மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். தன் வீட்டைத் தவிர எங்கேயும் தானாக ராத்தங்காதவள் தன் வீட்டைப் பார்க்காமலேயே போனாள். என் அம்மாவும் அந்தத் துக்கத்தோடு அதிக நாள் இருக்கவில்லை.

பட்டறையைப் பிறகு அதிகாரிகள் வந்து கரண்டை வெட்டி மூடினார்கள். யார் எழுதிப் போட்டது என்று மாமன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும். எட்டாவது படித்தவளுக்கும் மனு எழுத வரும்.

அமாவாசைக்கு அமாவாசை நான் போய்க் கதவைத் திறந்து, பெருக்கி, விளக்கு வைத்துவிட்டு வருகிறேன். வரும்போது ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வருவேன். பிள்ளைகள் கை படாத உயரத்தில் வைத்து, குடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதையும் அடிக்கடி எழுந்து பார்த்துக்கொள்வேன்.

மாமனுக்கு இப்போது அந்த வீட்டை விற்க வேண்டும். குடோன் கட்ட ஒரு கம்பெனி கேட்கிறதாம். என் அம்மாவின் பங்கு எனக்கு வந்திருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் முடியாது. அதற்குத்தான் இத்தனை தடவை என் வாடகை லைன் வீட்டுக்கு வருகிறார். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார், நான் சாவி தரவில்லை. என் வீட்டுக்காரர்கூடக் கையெழுத்தைப் போட்டுத் தொலையேன் என்கிறார். போன மாதம் வந்தபோது மாமன் வழக்கத்தைவிடத் தணிந்து பேசினார். பட்டறையை மூடியாகிவிட்டது, மழையும் பெய்துவிட்டது, கிணறு தெளிந்துவிட்டது, இன்னும் எதற்கு இந்த வீம்பு என்று கேட்டார். நான் டம்ளரை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்தால் லேசான சிவப்பு இன்னும் தெரியத்தான் செய்கிறது.

"தெளிஞ்சிருச்சுன்னா குடிங்க மாமா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டார். அவர் குடிப்பார் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரர்.

வாயைத் துடைத்தார். "உப்புத்தான் கரிக்குது. குடிச்சாச்சு அம்மிணி. கையெழுத்து எப்பப் போடறே?"

"குடிச்சாப் போடறேன்னு நான் சொல்லலீங்க."

"அப்பறம் எதுக்குக் குடிக்கச் சொன்னே?"

"அம்மாயி கடைசி வரைக்கும் அதைத்தானுங்க குடிச்சுது."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "உனக்கு என்னதான் வேணும்?"

"அன்னைக்கு அம்மாயியை அந்த வாசல்ல செத்த நேரம் எறக்கி வெச்சிருந்தீங்கன்னா, நீங்க கேக்கறதுக்கு முந்தியே போட்டிருப்பனுங்க. இனி உங்களால ஆகாதுங்க மாமா."

வண்டி தெருவைத் தாண்டியதுமே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வழியில் மயக்கம் வந்து விழுந்துவிட்டால்? வாந்தி எடுத்தால்? என் பேர்தானே வெளியே வரும்? கம்பெனியில் தையலெல்லாம் கோணலாக ஓடி, அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் காலையில் தாங்காமல் போன் போட்டேன்.

"வயிறு பரவாயில்லீங்களா மாமா?"

"பரவாயில்லை" என்றார். பிறகு, "அந்த ஊட்டுச் சாவி…" என்று ஆரம்பித்தார்.

"என்றகிட்டத்தானுங்க இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன். டம்ளரில் மீதி இருந்ததைத் தெருச் சாக்கடையில் ஊற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, திரும்ப அதே இடத்தில் கவிழ்த்தேன். அவர் மறுபடியும் வருவார்.